சாம்பலா, செம்பா

சாம்பல் நிறக் கண்ணாடியைப் போட்டதும் தெருவிலிருந்த வெயிலை யாரோ துடைத்து எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் வண்டிகளின் ஹாரன் குறையவில்லை, எதிர்க்கடை வாசலில் வாழைத்தார் இறக்குகிறவர்களின் கூச்சல் குறையவில்லை, ஆனால் அந்தக் கடைத் தகரத்தில் மத்தியானத்திலிருந்து கொதித்துக்கொண்டிருந்த பளபளப்பு அடங்கிப்போய், ஓரமாக நின்ற காரின் முன்கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த ஆளின் மீசைகூடத் தெரிந்தது. போட்டிருந்த கண்ணாடியைத் தூக்கினால் காரில் வானம் மட்டும் இருந்தது, இறக்கினால் ஆள் இருந்தான். ததேயுஸ் தூக்கியும் இறக்கியும் பார்த்தான். ஒருத்தன் தான் யார் கண்ணிலும் படவில்லை என்று நம்பி மூக்கைக் குடைந்துகொண்டிருக்கும்போது அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. பெர்க்மான்ஸையும் இன்றைக்குச் சாயங்காலம் இப்படித்தான் பார்க்கப்போகிறான். கோயில் கொடிமரத்தடியில், ஊர்ப் படகுக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, கொடிக்கயிற்றைப் பிடித்து ததேயுஸ் ஒரு வார்த்தை சொல்வான். அவர்கள் ஊரில் அது பழக்கம். நடுக்கடலில் நடந்ததற்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது, அதனால் ஒருத்தன் மேல் ஒருத்தன் குற்றம் சொன்னால் கயிற்றைப் பிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. சொல்லப்பட்டவன் அந்தக் கரையிலிருந்து இனி ஆள் ஏற்றிப் படகு தள்ள முடியாது. பெர்க்மான்ஸ் வேறு யாருமில்லை, மனைவி இமெல்டாவின் கூடப்பிறந்த தம்பி, ததேயுஸுக்கு மச்சினன். மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தூண்டில் போட வருகிற பணக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போக அவன் இப்போது சொந்தமாகப் படகு இறக்கப்போகிறான். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஊரில் கேட்டார்கள். உண்டு என்று ததேயுஸ் சொல்லிவிட்டான். இமெல்டா அவனுக்குப் பின்னால் கடை ஸ்டூலில் உட்கார்ந்து காதில் ஒரு பக்கம் மட்டும் வயரைச் செருகிக்கொண்டு போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரப் பெண் கோமதி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வியாபாரத்தில் சூட்டிகை. இது நடுக்கடலுக்கு நல்லா இருக்கும் சார், உச்சி வெயிலுக்கு, எந்த நிறமும் மாறாது, உள்ளது உள்ளபடி காட்டும் என்றாள். உள்ளது உள்ளபடி. அவனுக்கு வேண்டியது அதுதான். புதுப் படகை வாங்கிவிட்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்ற மதுரைக்காரர் ஒருவர் ததேயுஸைப் பற்றிக் கேள்விப்பட்டு, கேள்விப்பட்டதையெல்லாம் நம்பாமல், சுக்கானை அவன் கையில் கொடுத்திருக்கிறார். முதல் காரியமாக நல்ல கண்ணாடி ஒன்று எடுத்துக்கங்க, போலரைஸ்டு கண்ணாடியாப் பாருங்க, தண்ணி மேல பளபளப்பு போய் அடியில கிடக்கறது தெரியணும் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். அன்றைக்குக் கரையில் பெர்க்மான்ஸ் நிற்பான், படகு இருந்தும் தள்ள முடியாமல், ஒரு கையில் பீடியோடு, தோளில் துண்டோடு, தன் வாடிக்கையாளர்கள் தன்னைத் தாண்டி ததேயுஸின் படகில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு. அந்தக் காட்சிக்கு எந்த நிறம் பொருத்தம் என்று கோமதியிடம் கேட்க முடியாது. அவன் மனதுக்குள் கேட்டுக்கொண்டான். சாம்பல் கொஞ்சம் மங்கல். பெர்க்மான்ஸின் முகத்தில் ஓடுகிற ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும், மங்கலாக இருந்தால் பத்தாது.

இதப் போட்டுப் பாருங்க என்று அவள் செம்பு நிறத்தைக் கொடுத்தாள். கூடவே வெறும் சாம்பல் பூச்சு மாதிரி இருந்த ஓர் அட்டையையும் கொடுத்தாள். வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் நடுவில் ஒரு மீன் வாயைத் திறந்துகொண்டு நின்றது. செம்பு நிறம் ஆழமில்லாத இடத்துக்கு, கல்லும் பாசியும் கிடக்கிற இடத்துக்கு, கல்லையும் தண்ணியையும் பிரிச்சுக் காட்டும் என்றாள் கோமதி. கல் என்ற சொல் அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருஷமாக அவன் பெயர் கல்லேத்தி, படகைக் கல்லில் ஏற்றியவன். கல்லேத்தி ததேயு. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கப் போன இடத்தில்கூட அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அவனும் பெர்க்மான்ஸும் சேர்ந்து ஓட்டிய ‘கடல் விண்மீன்’ கரையிலேயே நல்ல படகு. சுக்கான் அவனுடையது, இஞ்சினும் வயரும் பெர்க்மான்ஸ் பார்ப்பான். கடலுக்கடியில் நீளமாகக் கிடக்கும் கல்திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர், அந்தப் பாரில் ஓர் இடத்தில் படகு நுழையும் அகலத்துக்கு ஒரு வாய் உண்டு. அதற்குள் புகுந்தால் அந்தப் பக்கம் பாரை மீன் கூட்டம் கூட்டமாக நிற்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே போன அன்றைக்குக் காற்றடித்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது, கண்ணால் ஆழம் பார்க்க வழியில்லை, ஆழம் காட்டும் மெஷினைத்தான் நம்ப வேண்டும். வாய்க்குக் கிட்டே வந்து மெஷினைப் பார்க்கிறான், திரை கறுப்பு. அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுப்பு. திரும்பிப் பார்த்தால் பெர்க்மான்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து கையை எடுக்கிறான். அப்புறம் சத்தம். அந்தச் சத்தத்தை ததேயுஸ் இப்போதும் சோற்றில் கல் கடிபடும்போதெல்லாம் கேட்கிறான். யாரும் சாகவில்லை, ஒருத்தருக்குக் கை ஒடிந்தது, எல்லோரும் நனைந்தார்கள், படகு மட்டும் திரும்பி வரவில்லை. கரைக்கு வந்ததும் சட்டையைப் பிடித்துக் கேட்டான், ஏன்ல வயர உருவுன. காலையில்தான் இரண்டு பேருக்கும் வாக்குவாதம், நானும் சுக்கான் பிடிக்கணும், எத்தனை காலம் உங்களுக்கு வயர் ஒட்டிக்கொண்டிருப்பது என்று பெர்க்மான்ஸ் கேட்டிருந்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறான், வெளியூர்க்காரர்கள் முன்னால் அத்தானை அசிங்கப்படுத்த. செய்ததைக்கூட மன்னித்திருக்கலாம். ஆனால் அவன் சொன்னான்:

"நான் எதையும் உருவல அத்தான். ஸ்கிரீன் ஓடிட்டுத்தான கெடந்துச்சு. நான் பாத்தேன்."

கண்ணைப் பார்த்துச் சொன்னான். உப்புத்தண்ணீர் முகத்தில் வழிய, உதடு நடுங்க, கண்ணை மட்டும் விலக்காமல் சொன்னான். அந்தப் பொய்யைத்தான் ததேயுஸால் தாங்க முடியவில்லை. கண்ணால் பார்த்த கறுப்பை ஒருத்தன் வெளிச்சம் என்கிறான். ஊரில் பாதிப் பேர் அவனை நம்பினார்கள், ஏனென்றால் அவன் அழுதான், ததேயுஸ் அழவில்லை. மெஷின் கடலோடு போய்விட்டது, எடுத்துக் காட்ட முடியாது. மூன்று வருஷமாக அந்த ஒரு வாக்கியம் அவனுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, பல் விளக்கும்போது, ஐஸை உடைக்கும்போது, பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது. ஓடிட்டுத்தான கெடந்துச்சு. எத்தனை பதில் தயார்செய்து வைத்திருக்கிறான் அதற்கு. சில பதில்களைச் சத்தமாகவே சொல்லிவிடுவான், ஐஸ் கம்பெனியில் பக்கத்திலிருப்பவன் திரும்பிப் பார்ப்பான். இன்றைக்கு எந்தப் பதிலும் வேண்டாம். அவன் திரையை அணைத்தான், என் கண்ணால் கண்டேன், இது சத்தியம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். குரல் திக்கிவிடக் கூடாது என்பது மட்டும்தான் பயம். அவனுக்குக் கோபம் வந்தால் ‘க’ வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி. கண்ணால் கண்டேன் என்பதில் வரிசையாக வருகிறது. பார்த்தேன் என்று மாற்றிக்கொள்ளலாம். பார்த்தேன் நல்ல சொல், உதட்டில் நிற்காமல் வெளியே போய்விடும்.

மஞ்சள் ஒண்ணு இருக்கு சார், விடியற்காலைக்கும் மேகமூட்டத்துக்கும் என்று கோமதி எடுத்து நீட்டினாள். போட்டான். கடை முழுக்க ஒரு கல்யாண மண்டபத்து வெளிச்சம் வந்து நிறைந்தது. கோமதியின் முகம், சுவரிலிருந்த கண் பரிசோதனை எழுத்துகள், வரிசையாக மாட்டியிருந்த நூறு சோடி ஆளில்லாக் கண்கள், எல்லாம் பூரித்துப்போய் இருந்தன. அவனுக்கு எரிச்சலாக வந்தது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கின புதுநன்மைப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு நடந்து வந்தபோதும் இந்த மஞ்சள்தான் இருந்தது. அதில் மூன்றாவதாக பெர்க்மான்ஸின் மகள் வந்தாள், வெள்ளை கவுனில், தலையில் பூக்கிரீடத்தோடு. அந்த கவுனை அத்தைதான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அது முறை. இமெல்டா எடுத்துக் கொடுக்கவில்லை. பூசை முடிந்து பிள்ளைகள் பெரியவர்களிடம் நெற்றியில் சிலுவை வாங்க வரும்போது அந்தப் பெண் நேராக இமெல்டாவிடம் வந்து நின்றாள், மெழுகுவர்த்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து மெழுகு சொட்டியது. இமெல்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. ததேயுஸுக்கு அன்றைக்கு வயிறு குளிர்ந்தது, அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமில்லை. பெர்க்மான்ஸ் தூரத்தில் நின்று அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், அவன் குனிந்ததை ததேயுஸ் பார்த்தான். ஆனாலும் அது போதவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தவுடன் தாகம் கூடுகிற மாதிரிதான் இருந்தது. மஞ்சள் வேண்டாம் என்று கழற்றி வைத்தான்.

இமெல்டாவை மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான், பால் மறக்காத பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றி வளர்த்தவள், கல்யாணமாகி வந்த புதிதில்கூட அவனைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் வந்தாள். அப்படிப்பட்டவள் படகு போன அன்றைக்கு ராத்திரி தம்பி வந்து வாசலில் நின்றபோது, உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், திரை கறுப்பாகக் கிடந்ததா இல்லையா என்று. இல்லக்கா, ஓடிட்டுத்தான் கெடந்துச்சு என்றான் அவன். எம் புருசன் பொய் சொல்லுதாருங்கியா என்று கதவைச் சாத்தினாள். சாத்தியது சாத்தியதுதான். ததேயுஸ் அவளை ஒரு தடவைகூட வற்புறுத்தியதில்லை. அவளாகச் செய்தாள், அவனைவிடத் தீவிரமாகச் செய்தாள். தெருவில் யாராவது பெர்க்மான்ஸ் பெயரை எடுத்தால், எனக்குத் தம்பி கெடையாது, அந்தக் கறுத்த ஸ்கிரீனோட போயிட்டான் என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகம் ஒரு மாதிரி இறுகும், தாடை மட்டும் தனியாகத் தெரியும். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தான் தனியாள் இல்லை என்று ததேயுஸுக்குத் தெம்பு வரும். ராத்திரியில் சில நேரம் அவள் விழித்துக்கிடப்பது தெரியும். கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்ற பயம் உள்ளே எங்கேயோ இருந்தது, எதற்குப் பயப்பட வேண்டும் என்றும் இருந்தது.

நீங்க கல்லுப் பக்கம்தான் போவீங்கன்னா செம்பே எடுங்க சார் என்று கோமதி மறுபடியும் அதையே கையில் கொடுத்தாள். மறுபடியும் போட்டுக்கொண்டான். மூக்கில் சரியாக உட்கார்ந்தது, காதுக்குப் பின்னால் அந்த இலேசான அழுத்தம். இந்த அழுத்தம் அவனுக்குத் தெரியும். இதே நிறம்கூட இருக்கலாம். படகு போன அன்றைக்குக் காலையில் பெங்களூர்க்காரர் ஒருவர் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அவன் முகத்தில் மாட்டிவிட்டு, இனிமே இது உங்களுக்குத்தான், கேப்டன் என்றார். கேப்டன். கரையில் இருந்தவர்கள் காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்று இருந்தது. கழற்றவே இல்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான், பெர்க்மான்ஸ் பக்கத்தில் வயரோடு குனிந்துகொண்டிருந்தான். மோதின மோதலில் அது மூக்கிலிருந்து தெறித்துக் கடலில் விழுந்துபோனது. படகு போனதைவிட அந்தக் கண்ணாடி போனதுக்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டீங்க என்று இமெல்டாகூடக் கேலி செய்வாள். பெங்களூர்க்காரர் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. அவன் திரும்பி இமெல்டாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கப்போனான். அவள் குனிந்தபடி கையில் போனைப் படுக்கை வாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள், போன் அணைந்து கறுப்பாக இருந்தது. அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறாள், தம்பியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா, இன்றைக்கு நடக்கப்போவதை நினைத்தா.

"ஏன், போன அணைச்சிட்டியா?"

"அணைக்கலையே. ஓடிட்டுத்தான கெடக்கு," என்றாள் இமெல்டா, தலையைத் தூக்காமல்.

பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவும் தம்பியும் ஒரே ரத்தம், ஒரே மாதிரிப் பொய், முகத்துக்கு நேரே. அவனுக்குக் காது சூடானது. கறுப்பாகக் கிடக்கிறது, அடுப்படிச் சுவர் மாதிரிக் கிடக்கிறது, ஓடுகிறதாம். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது, நாடகத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கறுப்பைப் பார்த்து எவளும் சிரிக்கமாட்டாள். அவன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான். போனில் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். இறக்கினான். கறுப்பு. தூக்கினான். புடவைக்காரி மூக்கைச் சிந்தினாள். இறக்கினான். ஒன்றுமில்லை, திரையில்லை, புடவையில்லை, ஒரு கறுத்த பலகை. அந்தப் போலரைஸ்டுல சில ஸ்கிரீன் தெரியாது சார் என்று கோமதி எதையோ துடைத்துக்கொண்டே சொன்னாள், எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி, சில கோணத்துல போன், டிவி எல்லாம் கறுப்பாத் தெரியும், கொஞ்சம் தலையச் சாய்ச்சா வந்துரும். தலையைச் சாய்த்தான். வந்துவிட்டது. தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தால் வந்திருக்கும். கழுத்தை ஒரு விரல்கடை சாய்த்திருந்தால். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

இல்லை, இது வேறு. போன் வேறு, ஆழம் காட்டும் மெஷின் வேறு. அது தடித்த மெஷின், வெயிலில் பார்ப்பதற்கென்றே செய்தது. அது எப்படிக் கறுக்கும். கறுத்தால் அதற்கு முன்னால் ஏன் கறுக்கவில்லை. அதற்கு முன்னால் அவன் கண்ணாடி போட்டதில்லை. அன்றைக்குக் காலையில் கிளம்பினதிலிருந்து மெஷினைப் பார்த்தானா. பார்க்கவில்லை, தெரிந்த கடல், பாரின் வாய் வரும்வரை எதற்குப் பார்க்க வேண்டும். அப்படியானால் பெர்க்மான்ஸின் கை. கை பின்னால் இருந்தது, அதை அவன் பார்த்தான், அது கண்ணாடியில்லை, கை. தூண்டில் முள் ஒன்று நழுவிப் பின்னால் போய்விட்டது, எடுத்தேன் என்று அவன் சொன்னான். நல்ல கதை. ஆனால் இருக்கவும் கூடும். உருவியிருக்கவும் கூடும். இரண்டும் நடந்திருக்கலாம், கண்ணாடியாலும் கறுத்திருக்கும், அவனும் உருவியிருப்பான். காலையில் வாக்குவாதம் நடந்தது உண்மைதானே. சுக்கான் மேல் ஆசை இருந்தது உண்மைதானே. ததேயுஸ் அந்த உண்மைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தான், ஒவ்வொன்றும் வந்த வேகத்தில் கையை விட்டு நழுவியது. உப்புத்தண்ணீர் வழிந்த முகமும் விலகாத கண்ணும் மட்டும் நழுவவில்லை. மூன்று வருஷத்து வெறுப்பு. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. ஒருத்தனை இவ்வளவு காலம் வெறுத்துவிட்டு, அவன் ஒன்றும் செய்யவில்லை என்றால், இந்த வெறுப்பு யாருடையது, படகைக் கல்லில் ஏற்றியது யார், கல்லேத்தி என்று ஊர் வைத்த பெயர் சரியான பெயரா. இதற்கும் பெர்க்மான்ஸ்தான் காரணம் என்று ஒரு நிமிஷம் அவன் மேலேயே ஆத்திரம் வந்தது. சொன்னது உண்மையென்றால் இன்னும் உரக்கச் சொல்லக் கூடாதா, அடித்துச் சொல்லக் கூடாதா, அழுதுகொண்டு நின்றால் ததேயுஸ் எப்படி நம்புவான்.

யாருக்கும் தெரியாது. இந்தக் கடையில் மூன்று பேர், கோமதிக்கு அவன் யாரென்றே தெரியாது, இமெல்டாவுக்கு நாடகம். சாயங்காலம் கயிற்றைப் பிடித்து, திரை கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பார்த்தான்தானே. அணைத்தான் என்று சொல்ல வேண்டாம், கறுப்பாகக் கிடந்தது, அவன் கை பின்னால் இருந்தது, அவ்வளவு போதும், மீதியை ஊர் சேர்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அவன் பீடியோடு கரையில் நிற்கட்டும். நிற்கத்தான் வேண்டும். அவன் நிற்கவில்லையென்றால் ததேயுஸ் நிற்க வேண்டியிருக்கும், அதே இடத்தில், அதே பெயரோடு, இந்தத் தடவை அந்தப் பெயர் சொந்தமாக. முடியாது. இன்னொரு தடவை முடியாது. கண்ணாடியைக் கழற்றிக் கோமதியின் மேஜையில் வைத்தான். இதெல்லாம் வேண்டாம், சாதா கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுங்கள் என்றான். அவன் குரல் அவனுக்கே நன்றாகத்தான் கேட்டது, ‘க’ எதுவும் சிக்கவில்லை. கோமதி விடுவதாக இல்லை. நாப்பது சோடி எடுத்துப் பாத்துட்டு சாதா கேக்கறீங்களே சார், கடலுக்குப் போறவங்க இதப் போட்டாத்தான் அடியில என்ன கெடக்குன்னு தெரியும், அக்கா நீங்க சொல்லுங்கக்கா, நீங்களே போட்டுப் பாருங்க, அந்த அட்டைல மீன் தெரியுதா பாருங்க என்று செம்பு நிறத்தை எடுத்து இமெல்டாவிடம் கொடுத்தாள்.

வேண்டாம் என்று சொல்ல ததேயுஸ் வாயைத் திறந்தான், எந்தக் காரணத்தைச் சொல்வது என்று தேடுவதற்குள் அவள் மாட்டிக்கொண்டாள். சிரித்தாள். நல்லாத்தான இருக்கு, எடுங்களேன், ஞாயித்துக்கெழம ஊர்க்காரனுவளவிட நாலு மீன் கூடப் புடிக்கணும்ல என்றாள். அட்டையைப் பார்த்தாள், ஆமா மீன் என்றாள். ததேயுஸ் அட்டையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான், போனை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கை நீட்டினான், அவள் கை ஏற்கெனவே போனைத் தூக்கியிருந்தது, நாடகம் எங்கே நிற்கிறது என்று பார்க்க. படுக்கை வாட்டில். அவள் போனின் பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். கண்ணாடிக்கு மேலே புருவம் சுருங்கியது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதன் மேல்வழியாகப் பார்த்தாள், அப்புறம் உள்வழியாகப் பார்த்தாள். போனைச் செங்குத்தாகத் திருப்பினாள், படுக்க வைத்தாள், திரும்பத் திருப்பினாள். பச்சைப் புடவைக்காரி அவள் கையில் வந்தும் போயும் இருந்திருப்பாள். காதிலிருந்த வயரைப் பிடுங்கினாள். இவ்வளவையும் ததேயுஸ் நின்று பார்த்தான். அந்தக் கதையை அவன் அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறான், திரையின் கறுப்பை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறான், அடுப்படிச் சுவர் என்றும், தார் என்றும், அமாவாசை என்றும். அவளுக்கு அது மனப்பாடம். அவள் தலையைத் தூக்கியபோது செம்பு நிறத்துக்குள் கண்கள் இருக்கும் இடம் தெரியவில்லை.

"அந்த பெங்களூர்க்காரன் குடுத்த கண்ணாடி," என்றாள், மெதுவாக. "பார் கிட்ட வாறப்ப அதப் போட்டுட்டா ஓட்டுனீங்க?"

இல்லை என்பது சின்னச் சொல். ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும், அவள் நம்பிவிடுவாள், மூன்று வருஷமாக நம்பியவள். அவன் அந்தச் சொல்லை நாக்கு வரைக்கும் கொண்டுவந்தான். வெளியே வாழைத்தார் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது, கோமதி அடுத்த வாடிக்கையாளருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள், அவன் நாக்கில் அந்தச் சொல் அப்படியே கிடந்தது. இமெல்டா காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை நிறுத்திக்கொண்டாள். அது அவள் தோள் இறங்கியதில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள், சேலைத் தலைப்பால் துடைத்தாள், மடக்கினாள், கோமதியைக் கூப்பிட்டு இதையே கட்டிக் குடும்மா, இவருக்கு இதுதான் வேணும் என்றாள். எழுந்து சேலையை உதறிச் சரிசெய்துகொண்டாள். சாயங்காலம் கூட்டத்துக்கு நானும் வாரேன் என்றாள். கொடிமரத்தடிக்குப் பொம்பளைகள் வருவதில்லையே என்று ததேயுஸ் சொன்னான். அவள் அவனைப் பார்த்தாள். தம்பியின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இறுகுகிற முகம், தாடை மட்டும் தனியாகத் தெரிகிற அந்த முகம், இப்போது அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"கயிறு எனக்கும் எட்டும்," என்றாள்.